மாரடைப்பில் செத்த இதயத் தசை மறுபடி வளருமா? கருவில் அது எப்படி உருவாகிறது?

முதல் கேள்விக்கு முதலில் பதில்: இன்றைய தேதியில், பெரியவர்களுக்கு, காரியத்துக்கு ஆகிற அளவில் வளராது. ஆனால் எக்கோ ரிப்போர்ட்டில் எண் ஏறியதைப் பார்த்துத் தசை வளர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறைய. எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கோழிக்கரு பிராக்டிகலுக்கு முட்டை பிடிப்பதே தனிக் கதை. வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவர் மளிகைக்கடை வெள்ளை முட்டையைக் கொண்டுவந்து இன்குபேட்டரில் வைப்பார். அது நாமக்கல் பக்கத்துப் பண்ணையில் சேவல் வாசனையே இல்லாமல் இட்ட முட்டை, எத்தனை நாள் வைத்தாலும் நாற்றம்தான் மிச்சம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு அம்மாவிடம்தான் நான் வாங்குவேன்.

மூன்று நாள் அடைவைத்த முட்டையை வெதுவெதுப்பான உப்புநீர்க் கிண்ணத்தில் பதமாக உடைத்துவிட்டால், மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல் வலை தெரியும். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி, துடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஆற ஆறத் துடிப்பு மந்தமாகும். ஓரமாகக் கொஞ்சம் வெந்நீர் விட்டால் திரும்ப வேகம் பிடிக்கும். அரிஸ்டாட்டிலே இந்த மூன்றாம் நாள் துளியைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஒருமுறை லேபுக்கு வந்திருந்த அப்பா இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாருடா சாவி குடுத்தது?" என்றார்.

யாரும் கொடுக்கவில்லை. அந்த வயதில் இதயத்துக்கு நரம்பே வந்து சேர்ந்திருக்காது. செல்லே தானாகத் துடிக்கும்.

கரு மூன்றடுக்குத் தட்டாக இருக்கும்போது, நடு அடுக்கிலிருந்து கிளம்பும் செல்கள் தலைப்பக்கம் பிறை வடிவில் கூடுகின்றன. அதிலிருந்து வலமும் இடமுமாக இரண்டு குழாய்கள் உருவாகி, நடுவில் வந்து ஒட்டி ஒன்றாகின்றன. ஒட்டவிடாமல் தடுத்தால் கோழிக்கருவில் இரண்டு இதயம் வரும், இரண்டும் துடிக்கும்! கோழியில் ஏறக்குறைய ஒன்றரை நாளிலும், மனிதக் கருவில் கருத்தரித்த 22ஆம் நாள் வாக்கிலும் துடிப்பு தொடங்குகிறது. (ஸ்கேன் சென்டரில் ஆறாவது வாரம் என்பது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்தக் குழாய்தான் முழு இதயம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பின்னால் இன்னொரு கூட்டம் செல்கள் காத்திருந்து, குழாயின் இரு முனைகளிலும் வந்து சேர்கின்றன என்பது 2001இல்தான் தெளிவானது. வலது கீழறையின் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தின் வேலை. அப்புறம் குழாய் வலப்பக்கமாக வளைந்து மடிகிறது, சுவர்கள் எழும்புகின்றன, எட்டு வாரத்துக்குள் நாலு அறை வந்துவிடுகிறது. என்னை இன்னமும் அசத்துவது இதுதான்: இத்தனையும் நடக்கும்போது தசைச் செல்கள் துடித்தபடியே பிரிந்து பெருகவும் செய்கின்றன. சுருங்கும் இழைகள் அப்போது குறைவு, அதனால் முடிகிறது.

பிறந்த பிறகு அந்த இழைகள் செல் முழுக்க அடைத்துக்கொள்கின்றன. இனி பிரிய வேண்டுமென்றால் இழைகளைக் கழற்ற வேண்டும். அம்மாபேட்டையில் ஓடுகிற தறியை நிறுத்தாமலே கழற்றி, அதையே இரண்டு தறியாக்கச் சொன்னால் எப்படி? அப்படி ஒரு நிலைமை. 2011இல் ஒரு ஆய்வில், பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதய நுனியை வெட்டினார்கள், மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது. ஏழு நாள் குட்டியிடம் அதையே செய்தபோது தழும்புதான் விழுந்தது. மீன் தொட்டிக் கடையில் விற்கும் வரிக்குதிரை மீனோ வளர்ந்த பிறகும் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினால் இரண்டு மாதத்தில் ஈடுகட்டிவிடும். அதன் தசைச் செல்கள் இழைகளைப் பாதி கழற்றிவிட்டுப் பிரிகின்றன.

மனிதனுக்குச் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து, இதயச் செல்களின் வயதை ஸ்வீடனில் கணக்கிட்டார்கள் (2009). 25 வயதில் வருஷத்துக்கு 1 சதவீதம் புதிதாகிறது, 75 வயதில் 0.45 சதவீதம். பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் நூறு கோடி செல்கள் வரை கொன்றுவிடும். ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குள் நார்த்திசு வந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. அந்தத் தழும்பு சுருங்காது. ஆனால் அதுவும் இல்லாவிட்டால் சுவரே கிழிந்துவிடும், அதனால் அதைத் திட்டவும் மனம் வரவில்லை.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். நாலு வருஷம் முன்பு ஒரு காலையில் நெஞ்சடைப்பு. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர், சோடா என்று இரண்டு மணி நேரம் போய்விட்டது. அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் வர வேண்டும். காரில் ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே வந்தது மறக்காது. ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் எக்கோவில் ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். மூன்று மாதம் கழித்து 47.

"பாத்தியா, தசை வளந்துடுச்சு" என்றார் மாமா. இல்லை. ரத்தம் போதாமல் இருந்த இடத்தில் எல்லாமே சாவதில்லை. ஒரு பகுதி உயிரோடு, ஆனால் வேலை செய்யாமல் மரத்துக் கிடக்கும். அடைப்பு நீங்கிய பிறகு வாரக் கணக்கில் அது மெல்ல எழுந்துகொள்ளும். ஏறிய எண் அந்தத் தசையுடையது, கூடவே தினமும் விழுங்கும் மாத்திரைகளுடையது. எண் ஏறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார் அப்பா. அதற்கு நான் போட்ட சண்டை தனி.

அப்புறம் ஒரு உறவினர், வெளியூரில் ஸ்டெம்செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) ஊசி போடுகிறார்கள், சில லட்சம்தான் என்று ஒரு நோட்டீஸோடு வந்தார். எலும்பு மஜ்ஜைச் செல்லைச் செலுத்தினால் இதயத் தசையாகும் என்ற நம்பிக்கை பெரிய சோதனைகளில் பலிக்கவில்லை. வளர்ந்த இதயத்திலேயே ஸ்டெம்செல் இருக்கிறது என்று சொல்லிவந்த ஒரு ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே கேட்டுக்கொண்டது. உண்மையிலேயே நம்பிக்கை தரும் வேலை வேறு பக்கம் நடக்கிறது. சாதாரணச் செல்லைக் கருநிலைக்குத் திருப்பி, அதிலிருந்து தசை வளர்த்து, ஒட்டுத்துணி போல இதயத்தின் மேல் வைக்கிறார்கள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் மனிதர்களுக்கே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதன் பலன் இன்னும் முழுதாக உறுதியாகவில்லை. அதற்குக் காசு கேட்டு நோட்டீஸ் அடிக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அந்த மீன் மேட்டூர் டேம்ல கெடைக்குமா?" என்றார். விரல் நீளம்கூட இருக்காது, குழம்புக்கு ஆகாது என்றேன். நோட்டீஸை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார், டப்பா ஆடாமல் இருக்க.