மேதை போட்ட மைதானத்தை ஏன் கொத்தினார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் மைதானத்தை அலிஸ்டர் மெக்கன்சி போன்ற ஒரு மேதை வடிவமைத்தும், திறந்த கையோடு மாற்ற ஆரம்பித்துவிட்டார்களாமே? அப்படியென்றால் மேதை சொதப்பிவிட்டாரா?
– கே.ரா., ஏற்காடு

பதில்: திறப்பு விழாவோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். காபிக்கு நிழலாக சில்வர் ஓக் நடும் அன்றைக்கே எந்தக் கிளையைக் கழிப்பது என்று உங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள் முடிவு செய்கிறார்களா என்ன?

அகஸ்டா 1933 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. முதல் போட்டி 1934 மார்ச்சில். அது முடிந்ததும் பதினெட்டுக் குழிகளின் ஆட்ட வரிசையில் முன் ஒன்பதைப் பின்னாலும், பின் ஒன்பதை முன்னாலும் மாற்றிவிட்டார்கள். காரணம் உறைபனி. சேர்வராயன் மலை மூடுபனி வெயில் ஏறினால் போய்விடும், புல்லுக்கும் கெடுதல் இல்லை. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் கருகிவிடும். தாழ்வான, நிழல் விழும் மூலை முதல் பாதியில் இருந்ததால், காலையில் ஆட்டம் அங்கே காத்துக் கிடந்தது.

பத்தாம் குழியின் கதை இன்னும் ருசியானது. அதன் கிரீன், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் வழவழப்பான புல்தரை, தண்ணீர் வடியாத பள்ளத்தில் இருந்தது. 1937இல் பெரி மேக்ஸ்வெல் என்ற மைதான வடிவமைப்பாளர் அதைப் பின்னால் மேட்டுக்கு ஏற்றினார். பழைய கிரீனை ஒட்டி மெக்கன்சி வெட்டிய பெரிய பங்கரை, அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணல் பள்ளத்தை, மட்டும் யாரும் மூடவில்லை. இன்றைக்கும் அது புதிய கிரீனுக்கு வெகு முன்னால், பந்து அதிகம் விழாத இடத்தில், பார்வைக்கு அழகாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் மெக்கன்சியே சரிசெய்திருப்பாரோ என்னவோ. முதல் போட்டிக்கு முன்பே, 1934 ஜனவரியில் இறந்துவிட்டார். கிளப் அவருக்குத் தர வேண்டிய பணத்தில் பாக்கியும் இருந்தது. இன்னொரு வடிவமைப்பாளரான டொனால்டு ராஸுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. 1907இல் திறந்த, அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை, பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948இல் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். முதலில் அங்கே கிரீன்களில் புல்லே கிடையாது, மணல்தான். அதைச் சொதப்பல் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் பந்து. ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து 1898இல் பிறந்தது. 1902இல் சாண்டி ஹெர்ட் என்ற ஆட்டக்காரர் அதை வைத்தே பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். பழைய பந்தின் தூரத்தைக் கணக்கிட்டு அமைத்த மைதானங்கள் எல்லாம் சட்டென்று குட்டையாகிவிட்டன. அதற்கு வடிவமைத்தவர் என்ன செய்வார்?

சுலபமாக இருக்கிறது என்ற பேச்சுக்காக 1938இல் அகஸ்டாவின் ஏழாம் குழியை மேட்டில் ஏற்றி, முன்னால் பங்கர்களை வெட்டினார்களே, அது வேறு ரகம். பங்கர் குறைவாகப் போதும் என்று நினைத்த மெக்கன்சியின் மைதானம் அது. உங்கள் கோபத்தை அந்த ஏழாம் குழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.