மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தின் முன்னோர்களை சென்சஸ், திருமணப் பதிவேடுகள் வழியாகக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் அமெரிக்க நண்பர் ஒருவர், பழைய சென்சஸ் தாள்களையும் திருமணப் பதிவேடுகளையும் வைத்துத் தன் விவசாயக் குடும்பத்தை ஆறு தலைமுறை பின்னோக்கி எடுத்துவிட்டாராம். மதுரைப் பக்கம் பூர்வீகமாகக் கொண்ட தன்னாலும் அப்படி எடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் அந்த நண்பர் தேடிய இரண்டு ஆவணங்களும் உங்களுக்கு அநேகமாக உதவாது. நான் மேலூர் வட்டத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பாட்டன், பூட்டன் தாண்டி ஓட்டன் வரை எழுத்துச் சான்றோடு வந்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அரசு சென்சஸிலிருந்து கிடைத்ததில்லை.

அமெரிக்காவில் 1850 முதல் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் சென்சஸில் ஏறியது. எடுத்து 72 ஆண்டுகள் கடந்ததும் அந்தத் தாள்களை எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வெளிவந்தன. நம் ஊரில் சென்னை மாகாணத்தில் 1871-லும், பிறகு 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறையும் கணக்கு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயரும் எழுதினார்கள். ஆனால் 1948-ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம், 15-ஆவது பிரிவில், அந்தத் தாள்களை யாரும் பார்க்க உரிமையில்லை என்று சொல்கிறது. உரிமையியல் வழக்கில் சான்றாகக்கூட அவற்றைக் காட்ட முடியாது. நமக்கு வெளிவருவது எண்ணிக்கை மட்டும். 1931 சென்சஸில் சாதிவாரிக் கணக்கு இருக்கிறதே, அதில் தாத்தா பெயர் இருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். வெளியான தொகுதிகளில் ஒருவர் பெயரும் இல்லை. ஒன்று மட்டும் பார்க்கலாம்: 1961 சென்சஸோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்கள் வெளியிட்டார்கள். உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ அதில் இருந்தால், உங்கள் தாத்தா காலத்துச் சாகுபடி, கடன், கல்யாணச் செலவு எல்லாம் படிக்கக் கிடைக்கும்.

திருமணப் பதிவும் அப்படித்தான். 1955 இந்துத் திருமணச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது; கட்டாயமாக்கவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. பந்தலில் தாலி கட்டிக்கொண்ட நம் பாட்டன்களுக்கு அரசுத் தாள் எதுவும் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பமென்றால் நிலைமை வேறு. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் பெற்றோர் பெயர், ஊர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

மற்றவர்களுக்கு என்ன வழி? ஊரே தனக்கென ஒரு சென்சஸும் ஒரு திருமணப் பதிவேடும் வைத்திருந்தது என்பதுதான் என் பதில். அவை தலைக்கட்டு வரி நோட்டும் மொய் நோட்டும்.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு முன் ஊர் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தகப்பனோடு ஒரே உலையில் சோறு பொங்கினாலும், கல்யாணம் முடிந்து அடுத்த திருவிழாவுக்கு அவன் பெயர் தனியாக ஏறிவிடும். கணவனை இழந்த பெண் குடும்பத் தலைவியானால் சில ஊர்களில் அரை வரி. இதை நினைவில் வைத்து வரிசையாகச் சில ஆண்டு நோட்டுகளைப் பாருங்கள். ஒரு பெயர் முதன்முதலில் வரும் ஆண்டுக்குச் சற்று முன்னால் அவருடைய கல்யாணம். அந்தப் பெயர் நின்று, அதே இடத்தில் மனைவி பெயர் அரை வரியோடு வந்தால் நடுவில் ஒரு சாவு. பெயரே இல்லாமல் போனால் பெரும்பாலும் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருக்கும். பெயர்கள் கரை, வகையறா என்ற குடிவழிப் பிரிவு வாரியாக எழுதப்பட்டிருந்தால் பங்காளிகள் அடுத்தடுத்து வருவார்கள். யார் யாருக்கு அண்ணன் தம்பி என்று ஊகிக்க அதுவே போதும்.

இந்த நோட்டுகள் ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வீட்டிலோ கோயில் கணக்கு எழுதியவர் வீட்டிலோ இருக்கும். வரி விவகாரம் என்பதால் புதியவர் கேட்டால் தரத் தயங்குவார்கள். உங்கள் பெரியப்பா, சித்தப்பா யாரையாவது உடன் அழைத்துப் போங்கள். வாங்கிக்கொண்டு போகக் கேட்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கண் முன்னாலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொய் நோட்டைத் தேடுவது அதைவிட எளிது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால், கல்யாண ஆல்பம் தொலைந்த வீட்டில்கூட மொய் நோட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெயர், தகப்பன் பெயர் அல்லது முதலெழுத்து, ஊர், தொகை என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் செய்முறை தனியாகத் தெரியும். அதைப் பிடித்தால் மணமக்களுடைய தாய்மார்களின் பிறந்த வீடு தெரிந்துவிடும். எந்த எந்த ஊரிலிருந்து கூட்டமாக மொய் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் குடும்பம் பெண் எடுத்த, பெண் கொடுத்த ஊர்கள் அவைதாம்.

இவ்விரண்டும் சேர்ந்து எங்களுக்கு 1950-கள் வரைதான் கொண்டுபோயின. அதற்கு முந்தைய நோட்டுகளைக் கரையான் விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து பின்னால் போக நிலம் ஒன்றே வழி. விவசாயக் குடும்பத்துக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்: நிலம் நகராது, அதன் மேல் எழுதிய காகிதமும் எளிதில் அழியாது.

வீட்டில் இருக்கும் பட்டாவை எடுத்து சர்வே எண்ணைப் பாருங்கள். 45/2 என்று ஒரு காலத்தில் இருந்தது 45/2ஏ, 45/2பி என்று பிரிந்து, பிறகு 45/2ஏ1, 45/2ஏ2 என்று ஆகியிருக்கும். விற்பனையாலும் உட்பிரிவு வரும் என்றாலும், பூர்வீக நிலத்தில் பெரும்பாலும் அது அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்த தடம். நிலத்தின் எண்களிலேயே வம்சாவளி கிளை விட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். பட்டாவையும், சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் எண்கள் மாறின. ஆகவே பழைய எண், புதிய எண் ஒப்பீட்டை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னால் போனால் வேறொருவர் குடும்பத்தில் போய் நிற்பீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை மாவட்ட ஆவணக் காப்பறையில் கேளுங்கள். மானிய நிலம் (வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட இனாம் நிலம்) என்றால் 1860-களின் இனாம் பதிவேட்டுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்கலாம். அதில் அனுபவதாரர் பெயரோடு, மானியம் எப்படி வந்தது என்ற விவரமும் இருக்கும்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பொதுவாக 1975-க்குப் பிந்தையது பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கிறது. அதற்கு முன்பு உள்ளதற்கு, சர்வே எண்ணும் காலமும் குறிப்பிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறைத் தேடலுக்கு மனுக் கொடுக்க வேண்டும். வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். செலவு ஆகும், நாளும் ஆகும். ஆனால் பத்திரம் அளவுக்குப் பேசும் ஆவணம் வேறில்லை. “இன்னார் குமாரர் இன்னார்” என்று எழுதுவதால் ஒரே வரியில் இரண்டு தலைமுறை. பாகப்பிரிவினைப் பத்திரமானால் மூன்று. நான்கெல்லை சொல்லும் பகுதியை எல்லோரும் தாண்டிப் போவார்கள், நீங்கள் போகாதீர்கள். கிழக்கே யார் நிலம், வடக்கே யார் நிலம் என்று அங்கே பங்காளிகள் பெயர் இருக்கும். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் 1895-க்குப் பிறகு மேலூர்ப் பக்கம் பாய ஆரம்பித்தது; எங்கள் குடும்பப் பத்திரங்களும் அதன் பிறகுதான் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. வானம் பார்த்த புஞ்சையை ஈடாக வைத்து அதுவரை யார் பெரிய கடன் கொடுத்திருப்பார்கள்?

பெண்கள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் கேட்டால் ஆண்களின் பெயர் ஐந்து தலைமுறைக்குச் சொல்வார்கள். கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டால் பிறந்த ஊர்ப் பெயரை வைத்து ஏதோ ஓர் அப்பத்தா என்பார்கள். என் கொள்ளுப்பாட்டிக்கும் அதே கதைதான். அவர் பெயர் எனக்குக் கிடைத்தது 1930-களில் எழுதிய ஓர் அடமானப் பத்திரத்தில். பூட்டன் இறந்து, பிள்ளைகள் மைனராக இருந்ததால், கார்டியன் தாயார் என்று அவர் முழுப் பெயரும் அதில் இருந்தது. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. முதல் சாட்சி அவருடைய அண்ணன். தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியால் கொள்ளுப்பாட்டியின் தகப்பன் யாரென்று தெரிந்தது. அந்த ஊருக்குப் போனேன். அங்கே அவருடைய அண்ணன் வழிப் பேரன் என்னை “வாங்க மாப்பிள்ளை” என்று அழைத்துச் சோறு போட்டார். சாட்சிக் கையெழுத்தை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். பணம், நிலம் என்று வரும்போது கூட வந்து நிற்பவர் மாமனோ மைத்துனரோதான்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் அவருடைய பங்கில் மகள்களும் வாரிசு. அதனால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிகளுக்குச் சகோதரிகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் பெருகின. தமிழ்நாட்டில் 1989 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு வந்ததால் அவை இன்னும் கூடின. அவற்றில் ஒவ்வொரு மகளும் “இன்னார் மனைவி” என்று கணவன் பெயரோடும் ஊரோடும் வருகிறாள். ஒரு பத்திரத்தில் மகளாக இருந்தவள் அடுத்த பத்திரத்தில் மனைவியாக இருந்தால், திருமணம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே. பதிவு செய்யாத கல்யாணத்துக்கு இதைவிட நல்ல சான்று இருக்குமா?

பழைய பத்திரம் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறியீடுகள் வரும். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. வெறும் தாது வருஷம் என்றால் 1876 பஞ்ச காலமா, 1936-ஆ என்று மற்ற விவரங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வருவாய்க் கணக்கில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

பெயர்தான் பெரிய பொறி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஒரே பெயரும் தகப்பன் பெயரும் ஒன்று விட்டு ஒரு தலைமுறை அப்படியே திரும்பும். இரண்டு மகன்களும் தகப்பன் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்தால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருவர். சர்வே எண், மனைவி பெயர், பட்டப்பெயர் ஆகிய மூன்றில் ஒன்றாவது பொருந்தாமல் யாரையும் உங்கள் வம்சாவளியில் சேர்க்காதீர்கள். 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் இப்போது இணையத்தில் உள்ளன. வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், கதவு எண் இருப்பதால் அண்மைத் தலைமுறைகளைச் சரிபார்க்க உதவும். சாதிச் சங்க மலர்களில் வரும் அரச பரம்பரைக் கதைகளையும் பத்திரத்தையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம். எழுத்து நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

சொந்த நிலம் இல்லாமல் பிறர் வயலில் உழைத்த குடும்பங்களுக்கு இந்த வழி பாதியில் அடைபடும். அந்த அநீதி ஆவணத்திலும் தொடர்கிறது. அமெரிக்கச் சென்சஸில் 1850-லும் 1860-லும் அடிமைகளுக்குப் பெயர் எழுதாமல் விட்டதும் இதே வகை. ஆனாலும் தேட இடம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கிய பஞ்சமி நிலங்களின் பதிவுகளைப் பாருங்கள். குத்தகை உழவு என்றால் 1969 சட்டத்தின்படி தயாரித்த குத்தகை உரிமைப் பதிவேட்டைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள். ஊரில் எந்தத் தாளிலும் இல்லாத ஓர் உழவரின் பெயர் அங்கே கிடைக்கலாம்.

உங்கள் ஊர் எந்தத் தாலுகா, உழவர்கள் நேராக அரசுக்கு வரி கட்டிய பழைய ரயத்துவாரி கிராமமா அல்லது சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீனில் இருந்ததா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஜமீன் கிராமமானால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் ரயத்துவாரிப் பட்டா வந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டிய பதிவேடும் அதற்கேற்ப மாறும்.