வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் விட உதவும் ஏர்பிஎன்பி மாதிரி தளங்களின் குறுகிய கால வாடகையால் ஒரு நகரத்தின் வீட்டு வாடகை உண்மையிலேயே ஏறுமா? மொத்த வீடுகளில் அவை ஒன்றிரண்டு சதவீதம்தானே?

ஏறும். ஆனால் ஊர் முழுக்க ஒரே அளவில் ஏறாது. ஸ்பெயினின் பார்சிலோனாவை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

அங்கே உரிமம் பெற்ற சுற்றுலா வீடுகள் 10,101. மொத்த வீடுகளில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனால் வகுக்க வேண்டிய எண் அது அல்ல. வாடகைக்கு வீடு தேடுபவர் கண்ணில் படுவது, அந்த வருடம் காலியாகி டு-லெட்டுக்கு வரும் வீடுகள் மட்டுமே. அந்தச் சிறிய குவியலிலிருந்து சில ஆயிரம் வீடுகள் போனாலே புதிய ஒப்பந்தங்களின் வாடகை ஏறிவிடும். அதிலும் இந்த வீடுகள் பரவலாக இல்லை. எய்ஷாம்ப்ளா, பழைய நகரம் என்று சில பகுதிகளில் குவிந்திருக்கின்றன. 2020-ல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வின்படி, இவற்றால் சராசரிப் பகுதியில் வாடகை 1.9% கூடியது, மிக நெருக்கமாகக் குவிந்த பகுதிகளில் 7%. அதே பகுதிகளில் வீட்டின் விற்பனை விலை 17% ஏறியது. விலை அதிகம் ஏறக் காரணம் உண்டு: வாங்குபவர் இன்றைய வாடகையை மட்டும் பார்ப்பதில்லை, நாளை சுற்றுலாப் பயணிக்கு விட்டால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே விலை பேசுகிறார்.

உரிமையாளர் போடும் கணக்கு எளிது. உதாரணத்துக்கு, மாத வாடகை 1,100 யூரோ. சுற்றுலாவுக்கு விட்டால் சுத்தம் செய்யும் செலவு, தளத்தின் கமிஷன், மின்சாரம் எல்லாம் போக இரவுக்கு 85 யூரோ கையில் நிற்கிறது என்று வையுங்கள். 13 இரவு நிரம்பினாலே மாத வாடகை வந்துவிடும். 20 இரவு என்றால் 1,700. அதனால்தான் இரவுகளுக்கு வரம்பு வைக்கும் விதி வேலை செய்கிறது. ஆம்ஸ்டர்டாமில் வருடத்துக்கு அதிகபட்சம் 30 இரவுதான்; அதை வைத்து வீட்டை முழுநேர விடுதியாக நடத்த முடியாது.

பார்சிலோனா 2028 நவம்பருக்குள் அத்தனை உரிமங்களையும் காலாவதியாக விடப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. நோக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். சொந்தத் தெருவில் வாடகை கொடுக்க முடியாமல் ஒரு குடும்பம் வெளியேறுவது சின்ன விஷயமல்ல. ஆனால் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. 2024 மார்ச்சில், பார்சிலோனா இருக்கும் பிராந்தியமான கத்தலோனியா வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தபோது, பதினொரு மாதம் வரையிலான தற்காலிக ஒப்பந்தங்கள் அதற்கு வெளியே நின்றன. பல உரிமையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இப்படிப்பட்ட வழிகளையும் சேர்த்து அடைக்காவிட்டால், உரிமம் போன வீடு நிரந்தரக் குடித்தனத்துக்குத் திரும்பாது.

குறுகிய கால வாடகையை அடக்கினால் மட்டும் போதாது என்பதைத்தான் நியூயார்க்கும் காட்டுகிறது. 2023 செப்டம்பர் முதல் 30 நாளுக்குக் குறைவாக விட, பதிவும் உரிமையாளர் உடனிருப்பதும் கட்டாயம். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. விளம்பரங்கள் சரிந்தன, வாடகை இறங்கவில்லை. அந்த வருடம் அங்கே வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 1.4% மட்டுமே. அத்தனை பற்றாக்குறையில் புதிய வீடுகளும் கட்டியாக வேண்டும்.

உங்கள் ஊரில் பாதிப்பை அளக்க விரும்பினால் தளத்தில் காட்டும் மொத்த எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். தனி அறைகளைக் கழியுங்கள். இரண்டு தளங்களில் இருக்கும் ஒரே வீட்டை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். கடந்த ஒரு வருடத்தில் விமர்சனமே வராதவற்றை விடுங்கள். மிஞ்சும் முழு வீடுகளை, அந்த வார்டில் ஒரு வருடத்தில் காலியாகி வாடகைக்கு வரும் வீடுகளால் வகுங்கள்.