குவைத்துல இருந்து லீவுக்கு வந்து பல்லு வைக்க 28 நாள் போதுமா?

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு குவைத்துல வேலை, டிசம்பர்ல 28 நாள் லீவு. கீழ வலது பக்கம் ஒரு கடவாப் பல் எடுத்து ரெண்டு வருசம் ஆச்சு. மேல ஒரு பல்லுல அங்கயே ரூட் கேனால் ஆரம்பிச்சு, ரேட்டு கட்டுப்படியாகாம பாதியில விட்டிருக்காங்க. சுகருக்கு மாத்திரையும் எடுக்காங்க. “ஊருக்கு வந்து இம்ப்ளாண்ட் உட்பட எல்லாத்தையும் முடிச்சிட்டு போயிரலாமா, மூணே நாள்ல நிரந்தரப் பல்லுன்னு ஒரு இடத்துல சொல்லுகாங்களே” இதுதான் கேள்வி.

ரூட் கேனாலும் கேப்பும் தாராளமா முடியும். இம்ப்ளாண்ட் பாதிதான் முடியும், மீதி அடுத்த லீவுக்குத்தான்.

ஏன்னா இம்ப்ளாண்டுங்கிறது தாடை எலும்புக்குள்ள வைக்கிற ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ, அத வைக்கிறது ஒரு மணி நேர வேலைதான், ஆனா எலும்பு வளர்ந்து அந்த ஸ்க்ரூவ இறுக்கிப் பிடிக்கணுமே, அதுக்கு கீழ்த்தாடையில சுமார் 3 மாசமும் மேல்தாடையில 4 முதல் 6 மாசமும் ஆகும். இந்த விசயமே 1950கள்ல ஸ்வீடன்ல பிரோனெமார்க்னு ஒரு டாக்டர் முயல் கால் எலும்புல வச்ச டைட்டானியத்த திரும்ப எடுக்கப் போய், அது எலும்போட ஒட்டிக்கிட்டு வராம போனதுல இருந்து தெரிஞ்சதுதான். அந்த ஒட்டு பிடிக்கிறதுக்கு முன்னாடி மேல பல்ல மாட்டி மரச்சீனிக்கிழங்கும் சிப்ஸும் கடிச்சா ஸ்க்ரூ உள்ளுக்குள்ள ஆடும், ஆடிட்டா எலும்பு பிடிக்காது. உடனே பல்லு வைக்கிற முறை பொய்னு நான் சொல்லல. எலும்பு நல்லா இருந்தா, முக்கியமா முழுத்தாடைக்கும் நாலஞ்சு ஸ்க்ரூ வச்சு சேர்த்துக் கட்டும்போது, அது சரியா வரும். சுகர் உள்ள ஒருத்தருக்கு, முழுக்கடியும் விழுற ஒத்தைக் கடவாப் பல்லுக்கு, வச்சதும் விமானம் ஏறப் போறவருக்கு நான் அத செய்ய மாட்டேன்.

அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுதான்னா பிரிட்ஜ யோசிங்க, அதாவது ரெண்டு பக்கப் பல்லையும் பிடிமானமா வச்சு நடுவுல பல்லு கட்டுறது. அந்த இடைவெளிக்கு முன்னாடி பின்னாடி உள்ள பல்லுல ஏற்கனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தா, அந்த ரெண்டையும் ராவி பிரிட்ஜ் கட்டுறது பத்து நாள்ல முடியுற வேலை. ரெண்டும் நல்ல பல்லா இருந்தா ராவ விடாதீங்க, ராவுன பல்லு திரும்ப வளராது. அப்போ இந்த லீவுல ஸ்க்ரூ மட்டும் வச்சு ஈறுக்குள்ள மூடிட்டு போகலாம், காத்துக் கிடக்கிறதால ஸ்க்ரூவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரொம்ப நாள் இடம் காலியா கிடந்தா எதிர்ல உள்ள மேல்பல் கீழ இறங்கும், பக்கத்துப் பல் சாயும், அதனால லீவு கிடைக்கலன்னா குவைத்துலயாவது ஒரு வருசத்துக்குள்ள ஸ்க்ரூ மேல வர்ற பல்ல மாட்டப் பாருங்க.

எங்க கிளினிக்ல வருசா வருசம் பாக்கிற விசயம் ஒண்ணு சொல்லுறேன். லீவுல வருவாங்க, முதல் வாரம் சொந்தக்காரங்க வீடு, அடுத்து கல்யாண வீடு, கிறிஸ்மஸ், வீட்டுக்கு பெயின்ட் அடிப்பு, எல்லாம் முடிஞ்சு 24-வது நாள் வந்து உக்காந்து “டாக்டர், நாளான்னைக்கு ஃபிளைட்டு”ம்பாங்க. தயவுசெஞ்சு வந்து இறங்கின ரெண்டாம் நாளே வாங்க. முதல் வாரத்துலயே எக்ஸ்ரே, சிபிசிடி ஸ்கேன் (தாடை எலும்ப முப்பரிமாணத்துல காட்டுறது), க்ளீனிங், ரூட் கேனால், ஸ்க்ரூ வைக்கிறது எல்லாம் நடந்தாதான் பத்து நாள்ல தையல் பிரிச்சு, ரூட் கேனால் பல்லுக்கு அளவு எடுத்து, லேப்ல இருந்து கேப் வந்து, அது கடிக்கும்போது உயரமா தட்டுதான்னு பாத்து ராவி சரி பண்ண கடைசியில ஒரு வாரம் மிஞ்சும். மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ட குவைத்துலயே எடுத்து அனுப்பச் சொல்லுங்க, 8-க்கு மேல இருந்தா சுகர குறைச்சிட்டுதான் ஸ்க்ரூவப் பத்தி பேசணும். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையோ எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ எடுத்திருந்தா முதல்லயே சொல்லணும், அவங்களா எதையும் நிப்பாட்டக் கூடாது.

விமானத்தப் பத்தியும் கேக்கணும். சாதாரணமா பல் எடுத்தா ரெண்டு மூணு நாள் கழிச்சு ஏறலாம். மேல்தாடையில சைனஸ் (மூக்குப் பக்கத்து காத்தறை) பக்கம் எலும்பு வச்சு தூக்கிக் கட்டினா குறைஞ்சது ரெண்டு வாரம் பறக்காம இருக்கிறது நல்லது, மூக்கையும் பலமா சிந்தக் கூடாது.

இப்போ பேப்பர். போன வருசம் ஒருத்தர் வந்தாரு, வேற ஊர்ல எங்கயோ வச்ச இம்ப்ளாண்ட், அதுமேல மாட்டின பல் லூசாகி நாக்கு பட்டா கட கடன்னு ஆடுது. அந்தப் பல்ல பிடிக்கிற சின்ன ஸ்க்ரூவ ஒரு சுத்து இறுக்கினா போதும், அஞ்சு நிமிச வேலை. ஆனா என்ன பிராண்டுன்னு அவருக்கும் தெரியல, கையில ஒரு துண்டுச் சீட்டும் இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் டிரைவர் முனை வேற, எக்ஸ்ரேல வடிவத்தப் பாத்து பாத்து நாலஞ்சு டிரைவர் மாத்திப் போட்டும் பொருந்தல. வெளிநாட்டுல வேலை பாக்கிறவருக்கு இதுதான் பெரிய ஆபத்து. ஸ்க்ரூ வர்ற டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பிராண்ட் பேரு, விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதுல உண்டு. அத அட்டையில ஒட்டி வாங்குங்க, போட்டோ எடுத்து போன்லயும் வைங்க. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் மாதிரி பல நாட்டுல கிடைக்கிற பிராண்டா இருந்தா குவைத்துலயும் கை வைக்க ஆள் கிடைக்கும், ஸ்க்ரூ மேல வர்ற பல்ல மட்டும் அங்க மாட்டிக்கவும் வழி இருக்கும்.

செலவு கேக்கும்போது “ஒரு பல்லுக்கு எவ்வளவு”ன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தத் தொகை ஸ்க்ரூவுக்கு மட்டுமா, மேல வர்ற அபட்மென்ட் (ஸ்க்ரூவையும் கேப்பையும் இணைக்கிற துண்டு), கேப், ஸ்கேன் எல்லாம் சேர்த்தானு எழுதி வாங்குங்க. லைஃப்டைம் வாரண்டிம்பாங்க, அது பெரும்பாலும் கம்பெனி ஸ்க்ரூவுக்குக் கொடுக்கிறது, டாக்டர் கூலிக்கோ உங்க டிக்கெட்டுக்கோ இல்ல. லீவுக்கு எப்படியும் வர்றவருக்கு ஊர்ல செய்யுறது லாபம்தான். ரொம்ப முடை இருந்தா குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல செலவு குறையும், ஆனா நடையும் காத்திருப்பும் கூடும், அத நாள் கணக்குல சேர்த்துக்கணும்.

ஆனா சகோதரி, எனக்கு இம்ப்ளாண்ட விட கவலை பாதியில விட்ட அந்த மேல்பல்லுதான். டிசம்பர் வரைக்கும் அத அப்படியே விடக் கூடாது. தற்காலிகமா அடைச்சது தேஞ்சு எச்சி உள்ள போனா சீழ் பிடிக்கும், சுகர் வேற இருக்கு, உள்ள காத்து அடைபட்டு நின்னா விமானம் மேல ஏறும்போது வலி உயிர் போகும். இந்த வாரமே அங்க ஒரு டாக்டர்ட்ட காட்டி உள்ள சுத்தம் பண்ணி மருந்து வச்சு புது அடைப்பு போடச் சொல்லுங்க, முழு ரூட் கேனால் அளவுக்கு செலவு வராது. கன்னம் வீங்குனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ எச்சி முழுங்கவோ கஷ்டமா இருந்தாலோ மாத்திரை போட்டு சமாளிக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இன்னைக்கு ராத்திரி போன்ல பேசும்போதே சொல்லிருங்க.