'படி' என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

இல்லை. வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கின்றன.

மாடிப்படி, வாசற்படி எல்லோரும் அறிந்தவை. வண்டல் படிகிறது, தூசி படிகிறது என்னும்போது அது கீழே தங்குவதைக் குறிக்கும் வினை. எருமை குளத்தில் படிவதும், வாரிய முடி படிவதும், சொன்ன பேச்சுக்குப் பிள்ளை படிவதும் இதே வினைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அளவைப் படி. மெட்ரிக் முறை வருவதற்கு முன் நெல்லும் அரிசியும் பாலும் படிக்கணக்கில்தான் விற்றன. கிராமத்துக் கடைகளில் இன்றும் உழக்கும் படியும் உண்டு. அந்தக் காலத்தில் கூலியைத் தானியமாக அளந்து கொடுத்தார்கள். அதனால்தான் சோறு போடுகிறவரை 'படியளக்கிறவர்' என்கிறோம். அரசு ஊழியரின் பஞ்சப்படி, பயணப்படி ஆகியவற்றில் இருக்கும் படியும் அன்றாடச் செலவுக்கு அளந்து தருவதுதான். நெல் போய்ப் பணம் வந்தும் பெயர் மாறவில்லை!

நகல் என்ற பொருளில் வரும் படி வேறு. கையெழுத்துப்படி, முதற்படி என்கிறோமே, அது 'பிரதி' என்ற வடசொல்லின் திரிபு என்று தமிழ்ப் பேரகராதி வழியில் கொள்கிறார்கள்.

அப்புறம், வழக்கொழிந்த பொருள் ஒன்றும் உண்டு: நிலம். 'படியுடையார் பற்றமைந்தக் கண்ணும்' என்ற குறளில் (606) படியுடையார் என்றால் நிலத்தை ஆளும் அரசர். படித்தவர் என்று எடுத்துக்கொண்டால் குறளின் பொருளே மாறிவிடும்.