செமஸ்டர் முடிவில் வாங்கும் ஃபீட்பேக்கை வைத்து ஆசிரியர்களை மதிப்பிடுவது சரியா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த குறிப்பையும் படித்தேன். ஃபீட்பேக் முடித்தால்தான் ஹால் டிக்கெட் வரும், அதனால் வகுப்பில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்தையே தட்டிவிட்டுப் போகிறார்கள், நான் மட்டும் யோசித்து நிரப்பி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் பதினாறு வருடமாகக் கலை அறிவியல் கல்லூரிகளில் புள்ளியியல் நடத்துகிறேன், பெரும்பாலும் பி.காம், பி.எஸ்சி பிள்ளைகளுக்கு அலைடு பேப்பராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடமாக. நீங்கள் நிரப்பும் ஃபார்மின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாணவர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைக் கேட்க வேண்டும். ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா, எத்தனை யூனிட் முடித்தார், பின்பெஞ்சு வரை குரல் கேட்டதா, டெஸ்ட் பேப்பரைத் திருத்தித் தந்தாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாரா என்பதற்கெல்லாம் உங்களை விட்டால் சாட்சி கிடையாது. பிரின்சிபால் வருடத்துக்கு ஒருமுறை வந்து பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதைவிட, எழுபது மணி நேரம் உட்கார்ந்த உங்கள் பார்வை பெரிது. ஆனால் ‘ஆசிரியரின் பாட அறிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக’ என்று ஒரு கேள்வி எல்லா ஃபார்மிலும் இருக்கிறதே, அந்தப் பாடத்தையே இப்போதுதான் முதல்முறை படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை அதற்கு எதை வைத்துப் பதில் சொல்லும்?

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு பழைய சோதனை உண்டு. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்று அறிமுகம் செய்து, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன் என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். அவருக்கு அந்தத் துறையில் ஒன்றும் தெரியாது. பேச்சிலும் விஷயம் கிடையாது, முன்னுக்குப் பின் முரண்தான், ஆனால் பேசிய விதம் அவ்வளவு கவர்ச்சி. நேரிலும் வீடியோவிலுமாகக் கேட்ட மூன்று குழுக்களில் மொத்தம் 55 பேர், அவர்களில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும் இருந்தார்கள். பெரும்பாலானோர் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள், ஒருவரும் ஏமாற்றைக் கண்டுபிடிக்கவில்லை. 1973-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கே இப்படி என்றால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

அதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்த ஆய்வு. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போகிறார் என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவாகும், தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. அதனால் ஆசிரியரின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கணக்கு, 2010-ல் வெளியானது. மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள், ஆனால் அதன் தொடர்ச்சியாக வரும் அடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. யூனிட்டுக்கு நான்கு இம்பார்ட்டன்ட் கொஸ்டின் குறித்துக் கொடுத்து, அதையே நோட்ஸாகவும் கொடுப்பவருக்கு 4.8 வரும். அடுத்த செமஸ்டரில் அந்தப் பிள்ளைகள் என்னிடம் வரும்போது திட்டவிலக்கம் என்றால் என்ன என்று கேட்டால் ஃபார்முலாவை மட்டும் ஒப்பிப்பார்கள், அது எதை அளக்கிறது என்று தெரியாது. அந்த ஆசிரியர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் அரியர் இல்லாமல் தேறட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஃபார்ம் அளந்தது அந்த நிம்மதியைத்தான், பாடம் மனதில் நின்றதா என்பதை அல்ல.

இனி என் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஃபீட்பேக் சராசரியை வரிசைப்படுத்தி ஸ்டாஃப் ரூமில் ஒட்டுவார்கள். ஒரு செமஸ்டரில் எனக்கு 3.2. டிபார்ட்மென்டில் நான்தான் கடைசி. அந்த வருடம் இன்க்ரிமென்ட் நின்றது. அதைவிட, அந்தத் தாளைத் தாண்டித் தினமும் என் மேஜைக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. சராசரியை வைத்து ஒரு வகுப்பைப் பற்றி என்ன தெரியும், தனித்தனி எண்களைத் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் அலைந்த பிறகு ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். 58 பேரில் 29 பேர் ஐந்து போட்டிருந்தார்கள். மூன்று பேர் நான்கு, நான்கு பேர் இரண்டு, 22 பேர் ஒன்று. மூன்று போட்டவர் ஒருவர்கூட இல்லை. அதாவது ‘சுமாரான ஆசிரியை’ என்று அந்த வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு என் வகுப்பு நன்றாகவே போயிருக்கிறது, மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. 3.2 என்ற எண் இந்த இரண்டு கூட்டத்தையும் கலந்து, இல்லாத ஒரு மூன்றாவது வகுப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த 22 பேர் யார் என்று ஃபார்ம் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் கருத்து எழுதும் கட்டத்தில் ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்: ‘ஒரு தடவை தமிழ்ல சொன்னா போதும் மேடம்.’ மற்ற எல்லோரும் அந்தக் கட்டத்தில் ‘குட்’ என்றோ ‘நத்திங்’ என்றோ போட்டிருந்தார்கள், ஏனென்றால் ஃபார்ம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, ஆங்கிலத்தில்தான் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து வந்த பிள்ளைகளுக்கு நான் ‘ப்ராபபிலிட்டி’யில் ஆரம்பித்து மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் போயிருக்கிறேன். நிகழ்தகவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வந்திருக்கும். அடுத்த செமஸ்டரிலிருந்து ஒவ்வொரு கருத்தையும் முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் ஆங்கிலச் சொல்லைப் போர்டில் எழுதுகிறேன். இன்று வரை அப்படித்தான். என்னை மாற்றியது அந்த ஆறு வார்த்தை, 3.2 அல்ல.

சரி, கல்லூரிகள் ஏன் இந்த எண்ணை விடமாட்டேன் என்கின்றன? ஒரு பெரிய காரணம், கல்லூரிகளை ஆராய்ந்து தரம் தரும் தேசிய அமைப்பான நாக் (NAAC). 2017-ல் அவர்கள் கொண்டுவந்த முறையில் மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், வேலை தருபவர் என்று எல்லோரிடமும் ஃபீட்பேக் வாங்கி, அலசி, நடவடிக்கை எடுத்து, இணையதளத்தில் போட்டால்தான் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். நோக்கம் நல்லது. ஆனால் நான் இருந்த ஓரிடத்தில் ‘ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்’ முதலில் டைப் ஆனது, ஃபீட்பேக் அப்புறம்தான் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நாக் தனியாக மாணவர்களுக்கே அனுப்பும் கேள்வித்தாளில் 21 கேள்விகள். முதல் கேள்வியே சிலபஸில் எவ்வளவு முடிந்தது என்பது, 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84 என்று பிரித்துக் கேட்டிருப்பார்கள். இது நல்ல கேள்வி, பார்த்தவர் சொல்லக்கூடியது. கடைசிக் கேள்வியில் மட்டும் உங்கள் வார்த்தையில் மூன்று யோசனை எழுதலாம். உங்களுக்கு அந்த மெயில் வந்தால் கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்ன சாட்சி வாதத்துக்கே இது ஒரு அடி. அமெரிக்காவில் ஆன்லைனில் நடந்த ஒரு வகுப்பில் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு ஆசிரியர்கள் தங்கள் அடையாளத்தை மாற்றிக்கொண்டு நடத்திப் பார்த்தார்கள். மாணவர்கள் யாரையும் நேரில் பார்க்கவில்லை. விடைத்தாள்கள் எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் திரும்பிப் போயின. ஆனாலும் ‘சீக்கிரம் திருத்தித் தந்தாரா’ என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்தவருக்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55. 2015-ல் வந்தது, மொத்தம் 43 மாணவர்கள்தான், சின்ன ஆய்வு. ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எந்தப் பெண் ஆசிரியருக்கும் அது புதிதாகப் படாது. ஆண் ஆசிரியர் கண்டித்தால் ‘ஸ்ட்ரிக்ட்’, நான் கண்டித்தால் ‘கோபக்காரி’. என் புடவையைப் பற்றியும் கருத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் கேள்வியை ‘சீக்கிரம் தந்தாரா, ஒன்று முதல் ஐந்து’ என்று வைக்காமல் ‘டெஸ்ட் முடிந்து எத்தனை நாளில் பேப்பர் கைக்கு வந்தது’ என்று வைக்க வேண்டும் என்கிறேன். நாட்களை எண்ணிச் சொல்லும்போது பிடித்தவர் பிடிக்காதவர் என்பதற்கு இடம் குறைவு.

பாடமும் ஒரு காரணம். 2017-ல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளின் மதிப்பீட்டை எடுத்துப் பார்த்ததில், கணக்கு சார்ந்த பாடங்களை நடத்துபவர்களுக்கு மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவாக வந்திருக்கிறது. கட்டாயத்துக்குப் படிக்கும் அலைடு புள்ளியியலையும் விரும்பி எடுத்த தமிழ் இலக்கியத்தையும் ஒரே வரிசையில் ஒட்டி வைத்தால் யார் கடைசியில் வருவார் என்று ஒட்டும் முன்பே சொல்லிவிடலாம். கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகத்தில் இது வழக்காகவே போய், 2018-ல் நடுவர் இந்த மதிப்பெண்களை வைத்துப் பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். மாணவர்களைக் கேட்பதே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வகுப்பில் மாணவர்களின் அனுபவம் எப்படி இருந்தது என்பது அவர்களிடமிருந்துதான் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், செமஸ்டர் முடியும் வரை காத்திருப்பதில்லை. கடைசி வாரத்தில் நீங்கள் எழுதுவது உங்களுக்கு உதவாது, உங்கள் ஜூனியருக்குத்தான் உதவும். நான்காவது வாரத்தில் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள். எந்த இடத்தில் விட்டுப்போனது, எதை மாற்றினால் உதவும், இரண்டே கேள்வி. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், பெயர் வேண்டாம், நான் வெளியே போய்விடுவேன். அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் அதற்கு. எதை மாற்றப் போகிறேன், எதை மாற்ற மாட்டேன், ஏன் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ‘எல்லார்கிட்டயும் கால்குலேட்டர் இல்ல’ என்று ஐந்தாறு பேர் எழுதியிருந்தார்கள். நான் மூன்று தசம இடம் வரும் கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே எண்களை மாற்றினேன். நிரூபணங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் அடுத்த தடவை இன்னும் அதிகமாக எழுதினார்கள்.

மனதில் பட்டதை எழுதினால் யார் எழுதியது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ரிஜிஸ்டர் நம்பர் போட்டு உள்ளே நுழைந்து நிரப்பும் ஃபார்மை ரகசியம் என்று சொன்னால் யார் நம்புவார்கள், அதுவும் இன்டர்னல் 25 மார்க் அதே ஆசிரியர் கையில் இருக்கும்போது. உங்கள் கல்லூரியில் அப்படி இருந்தால், இன்டர்னல் மார்க் ஏற்றி முடித்த பிறகு ஃபீட்பேக்கைத் திறக்கச் சொல்லி கிளாஸ் ரெப் மூலம் எச்.ஓ.டி-யிடம் கேளுங்கள், கேட்கக்கூடிய விஷயம்தான். அப்புறம் எழுதும்போது ‘நல்லா நடத்துறாங்க’, ‘புரியல’ என்று நிறுத்தாதீர்கள். ‘மூன்றாவது யூனிட்டில் ரிக்ரெஷனுக்கு ஒரு கணக்குதான் போட்டுக் காட்டினார், எக்ஸ் மேல் ஒய்யா, ஒய் மேல் எக்ஸா என்று எப்படி முடிவு செய்வது என்பது இன்னும் குழப்பம்’ என்று எழுதுங்கள். இப்படி ஒரு வரி என் கைக்கு வந்தால் மறுநாள் காலை முதல் வேலையாக அந்த இரண்டு ரிக்ரெஷன் கோடுகளையும் போர்டில் வரைந்து ஆரம்பிப்பேன்.