ஆயிரம் டாலர் கொடுத்துத் தூண்டில் வாங்கலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஃபெர்கஸ் ஊரையொட்டி ஓடும் கிராண்ட் ஆற்றில் மூன்று ஆண்டுகளாக ஃப்ளை ஃபிஷிங் முறையில் (இறகால் செய்த பொய்ப்பூச்சியை வீசிப் பிடிப்பது) பிரவுன் டிரவுட் மீன் பிடித்துவருகிறேன். தொடக்கத்தில் 250 கனடிய டாலருக்கு வாங்கிய ராடுதான் (தூண்டில் கோல்) இன்னும் கையில் இருக்கிறது. கூட வரும் நண்பர் சென்ற மாதம் 1,400 டாலருக்கு ஒன்று வாங்கினார். அதை ஒருமுறை வீசிப் பார்த்தேன். அன்றிலிருந்து என்னுடையது வெறும் கட்டையாகத் தெரிகிறது. அவ்வளவு விலைக்கு அதில் சரக்கு இருக்கிறதா, பெயருக்குத்தான் பணமா? வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: நண்பரின் ராடை வீசியபோது நீங்கள் உணர்ந்த வேறுபாடு பிரமை அன்று. ஆனால் அந்த வேறுபாடு நீங்கள் மீன் பிடிக்கும் தொலைவில் பயன்படுமா என்பது தனிக் கேள்வி. விலையைப் பற்றிய முடிவு அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளின்மேல் கட்டியிருப்பது இறகும் நூலுந்தான் என்பதால் அதற்குச் சொல்லும்படியான கனமே கிடையாது. தடித்த லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், கனத்தை வீசுகிறோம், முள் அதன் பின்னால் போகிறது. அதனால்தான் லைன்களுக்கு எடைப்படி எண் கொடுத்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 9 அடி நீளத்தில் 5ஆம் எண் ராடாக இருக்கும். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். அந்த 9 கிராமுக்கு வளைந்து, நிமிர்ந்து, நிமிர்ந்த இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ராடின் வேலை அவ்வளவுதான்.

விலை கூடிய ராடு வெற்றி பெறுவது அந்தக் கடைசி வேலையில். மலிவான ராடு நிமிர்ந்த பிறகும் நுனி இரண்டு மூன்று முறை துடிக்கும். அந்தத் துடிப்பு லைனில் அலையாக இறங்கி வீச்சின் வேகத்தைத் தின்றுவிடும். விறைப்பு மிகுந்த கார்பன் இழையில் செய்த ராடுக்கு இழை குறைவாகவே தேவைப்படுவதால் ராடுக் குழாயின் சுவர் மெலிந்து நுனி இலேசாகிறது. தராசில் வைத்தால் இரண்டு ராடுகளுக்கும் இருபது முப்பது கிராம்கூட வேறுபாடு இராது. ஆனால் ஒட்டடைக் கம்பின் நுனியில் ஓர் ஈரத்துணியைக் கட்டிப் பாருங்கள். அதே துணியைப் பிடியருகில் கட்டினால் தெரியாத கனம், நுனியில் கட்டும்போது மணிக்கட்டு வரை தெரியும். உங்கள் கைக்குத் தெரிந்தது அதுதான். மெலிந்த சுவருக்கு ஒரு விலையும் உண்டு: கனம் சேர்த்த முள் வீச்சின் நடுவே ராடில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகொரு நாள் மீன் இழுக்கும்போது ஒடியும்.

இப்போது உங்கள் ஆற்றுக்கு வருவோம். 1942இல் கட்டப்பட்ட ஷான்ட் அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரை நம்பித்தான் 1989 முதல் அங்கே பிரவுன் டிரவுட் குஞ்சுகளை விட்டுவருகிறார்கள். தண்ணீரில் இறங்கி நின்று, முப்பது நாற்பது அடிக்குள் மீன் மேலெழும் வட்டத்தைப் பார்த்து, அதற்குச் சற்று மேலே முள்ளை ஓசையின்றி இறக்குவதே பெரும்பாலும் அங்கே நடக்கிற வேலை. அந்தத் தொலைவில் ராடின் நுனிக்கு வெளியே இருக்கும் லைன் மிகக் கொஞ்சம். வேகத்துக்காகச் செய்த விறைப்பான ராடு அதற்கு வளையவே வளையாது. சற்று மென்மையான, விலை குறைந்த ராடோ அதே வேலையை நிதானமாகச் செய்துவிடும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் கடைக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் எல்லோரும் எழுபது அடிக்கு வீசித்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பாதி விடை கூலியில் இருக்கிறது. வெர்மான்ட்டின் மான்செஸ்டரில் ஆர்விஸ், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் சேஜ், மொன்டானாவின் ட்வின் பிரிட்ஜஸில் வின்ஸ்டன் ஆகிய நிறுவனங்கள் தங்கள் உயர்விலை ராடுகளை அமெரிக்கத் தொழிலாளரைக் கொண்டு செய்கின்றன. கார்பன் துணியை அளந்து வெட்டுவதிலிருந்து லைன் ஓடும் வளையங்களை நூல்சுற்றிப் பொருத்துவது வரை கைவேலை நிறைய. விலை குறைந்தவை பெரும்பாலும் கொரியாவிலோ சீனாவிலோ உருவாகின்றன. மறுபாதி விடை உத்தரவாதத்தில் இருக்கிறது. ஆர்விஸ் 25 ஆண்டு தருகிறது. சேஜ் முதலில் வாங்கியவரின் ஆயுள் முழுதும் தருகிறது. கார் கதவில் நசுங்கினாலும் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருகிறார்கள் என்றால், மீதிச் செலவு எல்லா ராடுகளின் விலையிலும் முன்கூட்டியே ஏறியிருக்கிறது என்று பொருள். நீங்கள் ஒடிக்காவிட்டால் அடுத்தவர் ஒடித்ததற்குப் பணம் கட்டுகிறீர்கள். நான் கதவிடுக்கில் ஒரு நுனியை ஒடித்தவன் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆர்விஸின் விலை குறைந்த கிளியர்வாட்டர் ராடுக்கும் அதே 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பரின் ரீலையும் (லைன் சுற்றும் உருளை) லைனையும் கழற்றி உங்கள் ராடில் மாட்டிக்கொண்டு, புல்வெளியில் 25, 40, 60 அடியில் மூன்று தட்டுகளை வையுங்கள். முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, தட்டுக்குப் பத்து வீச்சு வீசுங்கள். பிறகு அவருடைய ராடில் அதையே செய்யுங்கள். நான் செய்தபோது முதல் இரண்டு தட்டுகளில் வேறுபாடு ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் விலை உயர்ந்த ராடு தன் தகுதியைக் காட்டியது. அதைவிட எனக்குப் பாடமானது, புது லைனை மாட்டியதும் பழைய ராடே வேறு ராடாகிவிட்டதுதான். மூன்று ஆண்டு ஓடிய லைன் அழுக்கேறி, மேற்பூச்சு வெடித்து, வளையங்களில் உராய்ந்து நிற்கும். நண்பரின் ராடில் நீங்கள் கண்ட சுகத்தில் ஒரு பங்கு அதிலிருந்த புது லைனுடையதாக இருக்கலாம்.

ஆகவே நூறு டாலர் அளவில் ஒரு நல்ல லைன், நல்ல ஆசிரியரிடம் இரண்டு மணி நேரப் பயிற்சி, அதன் பிறகும் மனம் அடங்காவிட்டால் ஐந்நூறு டாலரையொட்டிய நடுத்தர ராடு என்பதே என் பரிந்துரை. 1,400 டாலர் வீண் என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரிடாவிலோ பஹாமாஸிலோ கடற்காற்றை எதிர்த்து, நகர்ந்துகொண்டிருக்கும் போன்ஃபிஷ் என்னும் கடல்மீனுக்கு முன்னால் 8ஆம் எண் லைனை அறுபது அடிக்கு ஒரே வீச்சில் போட வேண்டியவருக்கு அது நியாயமான செலவு. தோள்வலியுடன் நாள் முழுதும் வீசுகிறவருக்கும் அப்படியே. வாங்குவதானால் வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள். நான்கு துண்டாகப் பிரித்தாலும் அதைப் போட்டுவைக்கும் குழாயை ஒளித்துவைக்க இடம் கிடையாது.

கேள்வி: பயன்படுத்திய உயர்விலை ராடு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: உத்தரவாதம் உங்களுக்கு வராது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், பல நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கே அதைத் தருகின்றன. நான்கு துண்டுகளையும் அருகருகே நிறுத்தி அளவு பாருங்கள். நுனித்துண்டு மட்டும் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால், அது ஒருமுறை ஒடிந்து, முனை வளையம் மட்டும் மாற்றி ஒட்டப்பட்டது. இணைப்புகளில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் எழுத்தராக இருந்தவர். அங்கிருந்த வெள்ளைக்கார மேலாளர் விட்டுச்சென்ற மூங்கில் ராடு எங்கள் வீட்டில் இருக்கிறது. இதற்கு இன்றைய கார்பன் ராடைவிட மதிப்பு உண்டா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: அது உங்கள் வீட்டில் இருப்பதில் வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் ரெயின்போ டிரவுட்டை வளர்த்து நீலகிரி ஓடைகளில் விட்ட பிறகு, தோட்டத் துரைமார் பலரிடம் இத்தகைய ராடுகள் இருந்தன. தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலை முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டிச் செய்வது வழக்கம். 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்ததும் அங்கே மூங்கில் வரத்து நின்றுபோய்க் கண்ணாடியிழை அந்த இடத்தைப் பிடித்தது. எழுபதுகளில் கார்பன் வந்தது.

மதிப்பு, செய்தவரின் பெயரைப் பொறுத்தது. கைப்பிடிக்கு மேலே மையால் எழுதிய பெயரோ, ரீல் பொருத்தும் உலோகத்தில் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள்; 1872இல் இங்கிலாந்தின் ஆனிக் (Alnwick) ஊரில் தொடங்கிய ஹார்டி போன்ற பெயர் இருந்தால் சேகரிப்பாளர்கள் கேட்டு வருவார்கள். பெயரில்லாத ராடுக்கு நினைவின் மதிப்பே மிகுதி. எப்படியானாலும் நீங்களே வார்னிஷ் அடிக்க வேண்டாம். விற்பனை மதிப்பு அதிலேயே பாதி போய்விடும். சுவரில் சாய்த்துவைத்தால் வளைவு நிலைத்துவிடும் என்பதால் துணிப்பையில் போட்டு ஆணியில் நேராகத் தொங்கவிடுங்கள். பழைய ராடுகள் பலவற்றில் விலங்குப் பசையால் ஒட்டியிருப்பார்கள். குன்னூர் மழைக்காலத்து ஈரத்தோடு அதைக் குழாயில் போட்டு மூடினால் பட்டைகள் விட்டுப் பிரிந்துவிடும்.